குரலுக்கும் உடையவர் உண்டு

இரவு உணவு முடிந்து வீடு அடங்கும் வேளை. பிள்ளையின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. வயது முதிர்ந்த, தளர்ந்த, ஆயினும் அரச கம்பீரம் சற்றும் குன்றாத ஆங்கிலக் குரல். தம் மரணத்தை முன்பே கனவில் கண்டுவிட்ட பேரரசர் ஒருவர், பெயர் தெரியாத சிறைக் கைதியின் கையில் தம் குலத்தின் பதக்கத்தை ஒப்படைத்துவிட்டு விடைபெறுகிறார். கதவுக்கு வெளியே நிற்கும் நாமோ, “இன்னுமா விளையாட்டு முடியவில்லை?” என்று அதட்டிவிட்டு நடந்துவிடுகிறோம்.

அந்தக் குரல் யாருடையது என்று நாம் ஒருநாளேனும் கேட்டதுண்டா?

அது பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் குரல். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பல்லாண்டுகள் பண்பட்ட ஆங்கிலேய நடிகர் அவர். 2006ஆம் ஆண்டில் வெளியான ‘ஆப்லிவியன்’ என்னும் கணினி விளையாட்டில் பேரரசர் யூரியல் செப்டிம் பேசுவதெல்லாம் அவர் பேசியவையே. கதை தொடங்கிச் சற்று நேரத்திலேயே அந்தப் பேரரசர் கொலையுண்டு போகிறார். ஆனால் அவர் குரல் பிள்ளையின் நெஞ்சை விட்டுப் போவதில்லை. எஞ்சிய நெடுங்கதை முழுவதையும் அந்தச் சில நிமிடக் குரல்தான் தாங்கி நிற்கிறது.

நாம் இங்கே பேச வந்தது விளையாட்டு நல்லதா தீயதா என்பதைப் பற்றியன்று. அதைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நாம் கேட்க வந்த கேள்வி வேறு. மனிதனின் குரல் யாருக்குச் சொந்தம்? அவனைக் கேளாமல் அதை எடுத்தாள இன்னொருவனுக்கு உரிமை உண்டா? இன்று இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்திருக்கும் இடங்களுள் ஒன்று, நாம் அற்பமென்று ஒதுக்கும் இந்தக் கணினி விளையாட்டுதான்.

கற்பனைக்கு உயிர் தந்தவர்கள்

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்பது இத்தொடரின் பெயர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்து இயங்கும் பெதஸ்டா நிறுவனம் இதனை 1994ஆம் ஆண்டு தொடங்கியது. வாளும் மந்திரமும், அரசரும் அசுரரும், பறக்கும் நாகங்களும் நிறைந்த மாய உலகம். இத்தகைய உலகம் நமக்குப் புதிதன்று. கிஸ்ஸாக்களை இராகமிட்டு ஒருவர் வாசிக்க, வீடு முழுவதும் சூழ்ந்திருந்து கேட்ட தலைமுறை நம்முடையது. வாசிப்பவர் குரலில்தான் அந்த வீரர்கள் எழுந்து நடமாடினார்கள் என்பதை அறியாதவர்களா நாம்?

2002இல் வெளிவந்த ‘மாரோவிண்ட்’ வரை, இத்தொடரின் மாந்தர்கள் பெரும்பாலும் எழுத்தில்தான் பேசினார்கள். ஒரு சொல் வரவேற்பு காதில் விழும். மற்றதெல்லாம் கண்ணால் படிக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ஆப்லிவியனில்தான் எல்லா மாந்தரும் வாய்திறந்து பேசத் தொடங்கினார்கள். பேரரசரின் மறைந்த மகன் மார்ட்டினாக ஷான் பீனும், அவர்களை எதிர்க்கும் கூட்டத்தின் தலைவனாக டெரன்ஸ் ஸ்டாம்ப்பும் குரல் தந்தார்கள்.

இவர்கள் புகழ்பெற்றவர்கள். ஆனால் ஒரு நாட்டைப் புகழ்பெற்ற நால்வர் மட்டும் நிரப்பிவிட முடியுமா? கடைக்காரன், காவலன், விடுதி நடத்துபவள், பிச்சைக்காரன், பூசாரி என்று நூற்றுக்கணக்கான மாந்தர்க்கு யார் பேசுவது? விரல்விட்டு எண்ணத்தக்க கலைஞர்கள் சிலர் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். வெஸ் ஜான்சன் என்னும் ஒரே கலைஞர், ‘இம்பீரியல்’ என்னும் இனத்து ஆடவர்க்கெல்லாம் குரல் தந்தார். போட்டிக் களத்தில் கூவி அறிவிப்பவரும் அவரே. இருளில் வந்து கொலைத் தொழிலுக்கு அழைக்கும் லூசியன் லாச்சன்ஸும் அவரே. 2007இல் வந்த தொடர்ச்சியில் பித்துப் பிடித்த தெய்வமாக வரும் ஷியோகோராத்தும் அவரே! லிண்டா கார்ட்டர் இரண்டு இனத்துப் பெண்களுக்குத் தாமே பேசினார்.

இதனால் நேர்ந்த வேடிக்கைகளும் உண்டு. தெருவோரப் பிச்சைக்காரர் நடுங்கும் குரலில் காசு கேட்பார். அவரிடமே ஊர்ச் செய்தி கேட்டால், அடுத்த நொடியே திடகாத்திரமான வேறொருவரின் குரலில் விடை சொல்வார். இன்னோரிடத்தில், கோயிலில் இருக்கும் பெண்ணொருத்தி தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்து இடையில் நிறுத்தி, அதை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன் என்கிறாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் நடிகை தம் தவறைத் திருத்திக்கொள்ள உரைத்த சொற்கள், வெட்டப்படாமல் அப்படியே விளையாட்டுக்குள் புகுந்துவிட்டன! 2025 ஏப்ரலில் இவ்விளையாட்டு புதுப்பொலிவுடன் மறுபடி வெளிவந்தபோது, குரல்கள் போதாத இனங்களுக்குப் புதிய கலைஞர்களின் குரல்களைச் சேர்த்தார்கள். அந்தப் பழைய தவறையோ, இரசிகர்கள் அதை அவ்வளவு விரும்பியதால், அழிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இதைக் கேட்டு நகைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தவறு ஏன் இத்தனை பேருக்கு இனிக்கிறது? திரைக்குப் பின்னே ஒரு மனிதப் பிறவி நிற்கிறது என்பதை அது ஒரு கணம் காட்டிவிடுகிறது. மூச்சுவிடும், தடுமாறும், தன் வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்று கவலைப்படும் மனிதப் பிறவி. அந்த மனிதரைத்தான் இன்று பலர் மறந்துவிட்டார்கள். மறந்தது மட்டுமன்றி, அவர் இல்லாமலேயே அவர் குரலை வைத்துக்கொள்ளலாம் என்றும் துணிந்துவிட்டார்கள்.

குரலே வலிமை என்ற கதை

2011 நவம்பரில் இத்தொடரின் அடுத்த பாகமாகிய ‘ஸ்கைரிம்’ வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட குரல் கலைஞர்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். மாக்ஸ் வான் சிடோ, கிறிஸ்டோபர் பிளம்மர், ஜோன் ஆலன் போன்றோர் அதில் பேசினார்கள். மலையுச்சியில் தனித்து வாழும் முதிய நாகத்துக்குச் சார்லஸ் மார்ட்டினே குரல் தந்தார். குழந்தைகள் நன்கறிந்த மாரியோவின் துள்ளல் குரலும் 2023 வரை இவருடையதாகவே இருந்தது என்றால் நம்புவது கடினம். 2023ஆம் ஆண்டுக்குள் இவ்விளையாட்டு ஆறு கோடிப் பிரதிகளைக் கடந்து விற்றுவிட்டதாக அதன் இயக்குநரே அறிவித்தார்.

வியப்பு என்னவென்றால், ஸ்கைரிமின் கதையே குரலைப் பற்றியதுதான். அந்த உலகில் ‘குரல்’ என்பது ஒரு பேராற்றல். சரியாக உரைக்கப்பட்ட மூன்று சொற்கள் மலையைப் பிளக்கும். மனிதனைத் தூக்கி எறியும். மலைமீது வாழும் நரைதாடித் துறவியர் அக்கலையைக் காத்து வருகிறார்கள். அவர்களில் ஆர்ங்கேர் என்பவர் ஒருவரே வந்தவரோடு பேசுவார். மற்றவர்கள் வாய்திறந்தால் நிலமே நடுங்கும் என்பதால் அவர்கள் வாளாவிருப்பார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர் போரில் தோற்றபின், இந்த ஆற்றலை எதற்காகப் பயன்படுத்தலாம், எதற்காகப் பயன்படுத்தக் கூடாது என்று ஏழாண்டுகள் மௌனத்தில் ஆராய்ந்தாராம். கற்க ஆண்டுகள் வேண்டும், கற்றபின் அடக்கம் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கதாநாயகனுக்கு மட்டும் வேறு வழி உண்டு. நாகத்தைக் கொன்று அதன் உயிரை உட்கொண்டால், ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியதை நொடியில் பெற்றுவிடலாம்.

கதையில் அது வீரம். நம் உலகில் அதற்குப் பெயர் என்ன? இந்த விளையாட்டில் பேசிய கலைஞர்களுக்கு இன்று நிகழ்ந்திருப்பது அதுதான்.

பறிபோன விதம்

எப்படிப் பறிபோயிற்று என்பதை விளக்க வேண்டும். இத்தகைய விளையாட்டில் ஒவ்வொரு வசனமும் தனித்தனி ஒலிக்கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பின்னணி இசையோ இரைச்சலோ அதில் கலந்திராது. அந்த வசனம் எழுத்திலும் அருகிலேயே இருக்கும். எந்த மாந்தருக்கு எந்தக் குரல் என்ற குறிப்பும் இருக்கும். விளையாட்டை வாங்கிய எவரும் இக்கோப்புகளைப் பிரித்தெடுக்க இயலும். மனிதக் குரலைப் போலச் செய்யக் கற்கும் செயற்கை நுண்ணறிவுக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் ஏது? தூய ஒலி, அதற்குரிய எழுத்து, பேசியவர் யார் என்ற அடையாளம் ஆகிய மூன்றும் தட்டில் வைத்துத் தரப்பட்டிருக்கின்றன. விளையாட்டுக் குரல்களைக் கொண்டே பயிற்றப்பட்ட இலவச மென்பொருள்கள் எழுந்தன. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில நிமிடக் குரல் மாதிரியே போதும் என்னும் நிலைக்கு வணிக மென்பொருள்களும் வந்துவிட்டன.

ஸ்கைரிம் போன்ற விளையாட்டுகளுக்கு இரசிகர்கள் தாமே கதை எழுதி, மாந்தரைப் படைத்துச் சேர்ப்பதுண்டு. ‘மாட்’ என்று அதனை அழைப்பார்கள். அதற்கான கருவியை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அது தவறன்று, பாராட்டத்தக்க உழைப்பு. ஆனால் புதிய வசனத்தை யார் பேசுவது? 2021இல் ‘விட்சர்’ என்னும் இன்னொரு மாய உலகத் தொடரின் மூன்றாம் பாகத்துக்கு ஒருவர் புதுக்கதை சேர்த்தார். அதன் நாயகனுக்கு நெடுங்காலம் குரல் தந்து வருபவர் டக் காக்கிள். அவர் என்றும் பேசியிராத வசனங்களை, அவர் குரலிலேயே எந்திரம் பேசியது.

கதவு திறந்துவிட்டது. பிறகு உள்ளே எது வரும், எது வராது என்று யார் காப்பது? 2023 ஜூலையில், ஸ்கைரிம் உள்ளிட்ட விளையாட்டுகளில் பேசிய கலைஞர்கள் பொதுவெளியில் முறையிட்டார்கள். தங்கள் குரலை எந்திரத்தால் போலச் செய்து, தாங்கள் வாழ்நாளில் உச்சரிக்க ஒப்பாத ஆபாசச் சொற்களைப் பேச வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. பேசியது அவர்கள் அல்லர். ஆனால் கேட்பவர் காதில் விழுவது அவர்கள் குரல்! தம் பிள்ளைகள், தம் பெற்றோர், தம் அண்டை வீட்டார் அடையாளம் காணக்கூடிய குரல்!

இத்தகைய சேர்க்கைகளைத் தாங்கி நிற்கும் மிகப் பெரிய தளம் சொன்ன விடை என்ன? செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டவை விதிக்கு மாறானவை அல்ல. பாதிக்கப்பட்டவர் தக்க முறையில் புகார் தந்தால் நீக்குவோம் என்றார்கள். நன்றாக இருக்கிறது நியாயம்! பொருளைப் பறிகொடுத்தவனே ஊர் ஊராகத் தேடி, அது எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, வாசலில் நின்று விண்ணப்பம் போட வேண்டுமாம். அதுவரை அது அந்த வீட்டிலேயே இருக்கலாமாம்.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

“இது வெறும் விளையாட்டு, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்பது முதல் நியாயம். இதைச் சொல்பவர்கள் இளைஞர்கள் மட்டுமல்லர். பெரியோர்களாகிய நாமும் சொல்கிறோம். வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: இந்தக் களவில் நம் அலட்சியத்துக்கும் பங்குண்டு. எதை நாம் உழைப்பென்று மதிக்கவில்லையோ, அதைத் திருடுவதைத் திருட்டென்று பிள்ளைகள் எண்ணுவதில்லை. தச்சரின் உளியை எடுத்தால் கண்டிக்கும் நாம், குரல் கலைஞரின் குரலை எடுத்தால் சிரிக்கிறோம்.

அது உழைப்புத்தான் என்பதற்குச் சான்று வேண்டுமா? வாள் வெட்டுப்பட்டு அலறுவது, தீயில் எரிந்து ஓலமிடுவது, மலையிலிருந்து விழுந்து கதறுவது ஆகியவற்றைக் கண்ணாடித் தடுப்புக்குள் நின்று பத்து முறை, இருபது முறை செய்து பாருங்கள். தொண்டை கிழியும். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்க நடிகர் சங்கத்தைச் சேர்ந்த விளையாட்டுக் குரல் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கத்திக் கதறும் பதிவுகளை நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரமாகக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. எந்த விளையாட்டுக்காகப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் பேச வேண்டியிருக்கிறது, அதையாவது சொல்லுங்கள் என்பது இன்னொன்று. 2017 செப்டம்பர் வரை, பதினொரு மாதங்கள் அவர்கள் போராடினார்கள்.

“அவர்களுக்குத்தான் கூலி கொடுத்தாயிற்றே!” என்பது இரண்டாம் நியாயம். எவ்வளவு கொடுத்தார்கள்? அந்தப் போராட்டம் தொடங்கிய காலத்தில் சங்கம் வகுத்த அடிப்படை ஊதியம், நான்கு மணி நேர அமர்வுக்கு ஏறத்தாழ 825 டாலர். ஒரு கோடிப் பிரதி விற்றாலும் பத்துக் கோடிப் பிரதி விற்றாலும் அதற்குமேல் பங்கு கிடையாது. பதினொரு மாதப் போராட்டத்தின் முடிவில் கூடுதலாகக் கிடைத்தது, முதல் அமர்வுக்கு 75 டாலரில் தொடங்கி, பத்து அமர்வுகள் பேசியவருக்கு 2,100 டாலர் வரையிலான தொகை. விற்பனையில் பங்கு அப்போதும் கிடைக்கவில்லை.

கூலி போதுமா போதாதா என்பதை விட்டுவிடுவோம். கூலி எதற்காகக் கொடுக்கப்பட்டது? குறித்த கதையில், குறித்த மாந்தர் பேசும், குறித்த வசனங்களுக்காக. நம் வீட்டுத் திருமணத்துக்குச் சமைக்க வந்தவருக்குக் கூலி கொடுத்துவிட்டோம் என்பதற்காக, அவர் கையை வெட்டி வைத்துக்கொண்டு நாளும் சமைக்கச் சொல்ல முடியுமா? அன்றைய சமையலுக்குத்தான் கூலி, கை அவருடையது.

மூன்றாம் நியாயம்தான் சற்று வலுவானது. “நாங்கள் காசுக்காகச் செய்யவில்லை. அந்தக் கதையின் மீதும், அந்த மாந்தர் மீதும், அந்தக் குரலின் மீதும் கொண்ட அன்பினால் செய்கிறோம்” என்கிறார்கள் இரசிகர்கள். அவர்களுடைய அன்பை நாம் பொய்யென்று சொல்ல மாட்டோம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெஸ் ஜான்சன் கடும் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவருடைய நண்பர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். அவரை நேரில் கண்டிராத, அவர் குரலை மட்டுமே கேட்டிருந்த இரசிகர்கள் அள்ளி வழங்கினார்கள். இதுவன்றோ அன்பு!

ஆனால் கொடுக்கும் அன்பு வேறு. எடுக்கும் அன்பு வேறு. மரத்தின் மீது ஆசை என்பதற்காக அடுத்தவர் தோட்டத்துக் கனியைப் பறிக்கலாமா? ஆசை எவ்வளவு மெய்யாயினும் வேலிக்கு அப்பால் இருப்பது அவருடையது. அன்புள்ளவர் கதவைத் தட்டிக் கேட்பார்.

கேட்டால் கிடைக்காது என்பதும் உண்மையன்று. எந்திரக் குரல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2013இல், ‘ஃபால்ஸ்கார்’ என்ற பெரும் சேர்க்கை ஸ்கைரிமுக்கு வந்தது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் அதனை உருவாக்கினார். தன்னார்வக் குரல் கலைஞர் பலரை அவர் கேட்டுப் பெற்றார். 2015இல் வந்த ‘மறக்கப்பட்ட நகரம்’ என்னும் சேர்க்கையும் மெய்யான மனிதர்கள் பேசியதே. அதன் எழுத்துக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தது. பின்னர் 2021இல் அது தனி விளையாட்டாகவே வளர்ந்து வெளிவந்தது. கேட்டுப் பெற்றவர்கள் தாழ்ந்து போனார்களா? உயர்ந்தார்கள்! புதிய கலைஞர் பலருக்கும் அங்கே வாய்ப்புக் கிடைத்தது. எந்திரத்திடம் பழைய குரலைப் பறித்துக் கொடுக்கும்போது, அந்தப் பழைய கலைஞர் மட்டுமா இழக்கிறார்? வாய்ப்புக்காகக் காத்திருக்கும் புதிய கலைஞரும் இழக்கிறார்.

“இது அறிவியல் வளர்ச்சி, அச்சு எந்திரம் வந்தபோதும் இப்படித்தான் அழுதார்கள்” என்பது நான்காம் நியாயம். அச்சு எந்திரம் எழுதுபவன் கையெழுத்தை ஒழித்தது. அவன் எழுதாததை அவன் பெயரில் அச்சிடும் உரிமையை எவருக்கும் தரவில்லை. நாம் எந்திரத்தின் பகைவர் அல்லர். எந்திரத்தைக் கையில் பிடித்திருப்பவர் எவரிடம் அனுமதி பெற்றார் என்பதே நம் கேள்வி.

அனுமதியோடு நடந்தவை

எந்திரத்தையே நேர்மையாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். விட்சர் தொடரை உருவாக்கிய போலந்து நிறுவனம், ‘சைபர்பங்க்’ என்னும் தன் இன்னொரு விளையாட்டுக்கு 2023இல் தொடர்ச்சி வெளியிட்டது. அதில் ஒரு மாந்தருக்குப் போலிஷ் மொழியில் குரல் தந்த மிலோகோஸ்ட் ரெச்செக் 2021இலேயே மறைந்துவிட்டார். நிறுவனத்தார் அவருடைய மகன்களை அணுகி ஒப்புதல் பெற்றார்கள். பிறகு, உயிரோடிருக்கும் இன்னொரு நடிகரை வசனங்களைப் பேசச் செய்து, அந்தப் பேச்சை மறைந்தவரின் குரலாக எந்திரத்தால் மாற்றினார்கள். மறைந்தவர் குடும்பமும் மதிக்கப்பட்டது. வாழும் கலைஞருக்கும் வேலை கிடைத்தது.

நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. 1997இல் மறைந்த பாடகர் சாகுல் ஹமீதின் குரலை நம் தலைமுறை மறந்திருக்க முடியாது. 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், அவர் குரலையும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் இந்த எந்திரத்தின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றதாகவும், தக்க ஊதியம் வழங்கியதாகவும் அவரே பொதுவில் அறிவித்தார். அதே ஆண்டில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை ஒப்புதலின்றிப் போலச் செய்ததாகத் தெலுங்குத் திரைப்படக் குழு ஒன்றுக்கு அவர் மகன் சட்ட அறிவிப்பு அனுப்பினார். இரண்டிலும் எந்திரம் ஒன்றுதான். ஒன்று வணக்கமாயிற்று, மற்றொன்று வழக்காயிற்று. இடையில் நின்றது ஒரே சொல்: அனுமதி.

மறைந்த தந்தையின் குரலை ஓர் ஒலிநாடாவில் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்தக் குரலை ஒருவன் நம்மைக் கேளாமல் எடுத்து, அவர் சொல்லாததைச் சொல்ல வைத்தால் நம் நெஞ்சு என்ன பாடுபடும்? அந்த வேதனைதான் அந்தக் கலைஞர்களின் வேதனையும். குரல் என்பது உடையவரிடமிருந்து நாம் கேட்டு மகிழப் பெற்ற அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவன் அதற்கு உரிமையாளன் ஆகிவிட மாட்டான்.

சட்டமும் இப்போது மெல்ல விழித்துக்கொள்கிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை எந்திரத்தால் போலச் செய்வதற்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் குரலைக் காக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவும் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் தானாக விழிக்கவில்லை. தட்டி எழுப்பியவர்கள் உண்டு. விளையாட்டுக் குரல் கலைஞர்கள் 2024 ஜூலை 26 அன்று மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இம்முறை அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான பாதுகாப்பு. ஏறத்தாழ ஓராண்டு போராடி, 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். கலைஞரின் குரல் நகலைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும். எதற்குப் பயன்படுகிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். மீண்டும் வேலைநிறுத்தம் வந்தால் அந்த ஒப்புதலை அவர் நிறுத்தி வைக்கலாம். இவை அவர்கள் பட்டினி கிடந்து பெற்ற உரிமைகள்.

ஆனால் ஒப்பந்தம் நிறுவனத்தைக் கட்டும். ஒரு வீட்டின் மூடிய அறைக்குள் கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞனைக் கட்டாது. அவனைக் கட்டக்கூடியது மனச்சாட்சி ஒன்றே. அதை வளர்க்கும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு அன்று, நமக்கு உரியது.

பெற்றோர்களே! இன்றிரவு அந்தக் கதவைத் தட்டுங்கள். அதட்டுவதற்காக அன்று, கேட்பதற்காக. “இது யார் குரல்?” என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம்; தெரியாவிட்டால் விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை இருவரும் சேர்ந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடும். அந்தப் பெயர்களுள் ஒவ்வொன்றும் ஒரு தொண்டை, ஒரு குடும்பம், ஒரு நாள் உழைப்பு. இவரைக் கேளாமல் இவர் குரலை எடுக்கலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். விடையை அவனே சொல்வான்.

பேரரசர் தம் பதக்கத்தை அந்தக் கைதியிடம் கொடுத்தது அவன் அதை வைத்துக்கொள்வதற்காக அன்று. உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. நம் பிள்ளைகள் அந்தக் கதையை முழுதும் அறிவார்கள். அதன் பொருளையும் அறிந்து வளரட்டும்.